ஆம்ப் மாற்றினால் பாட்டு மாறாது

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வயது, மென்பொருள் வேலை, பெருங்குடியில் கடனில் வாங்கிய ஃபிளாட். கையில் நான்கு பவர் ஆம்ப்களின் விவரத் தாள்கள். "அண்ணே, இந்த நாலுல எதை எடுக்கலாம்? ரெண்டு லட்சம் வரைக்கும் ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றார். இப்போது இருக்கும் ஆம்புக்கு என்ன குறை என்று கேட்டேன். "பேஸ் எல்லாம் ஒரே மாதிரி கும்முனு கேக்குது. மிருதங்கத்துல கும்கி தனியா தெரியல. ஆம்ப்ல சத்து பத்தலன்னு சொல்றாங்க." யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

ஸ்பீக்கர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்று அறை மூலையில், இன்னொன்று பீரோவுக்கும் சுவருக்கும் இடையில். சோபா எதிர்ச் சுவரை ஒட்டி. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அவர் கேட்ட கேள்விக்கான பதில் அந்த நான்கு தாள்களில் எதிலுமே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவிகளில் ஆசை வைத்தவர்களிடையே ஊறிப்போன ஒரு நம்பிக்கை உண்டு. பவர் ஆம்ப்தான் சிஸ்டத்தின் இதயம். ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு குணம் உண்டு. விலை கூடக்கூட அந்தக் குணம் மேம்படும். சவுண்டில் ஏதாவது திருப்தி இல்லையென்றால் முதலில் கை நீள்வது ஆம்பை நோக்கித்தான். இந்த நம்பிக்கை தவறு. சரியாக வடிவமைத்த, பழுதில்லாத இரண்டு டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்களை அவற்றின் சக்திக்குள் ஓட்டி, ஒலி அளவைச் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் கேட்டால், காதுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஒன்று இருபதாயிரம் ரூபாய், மற்றது ஐந்து லட்சம் என்றாலும் அப்படித்தான்.

இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் பலர். "நான் என் காதால் கேட்டேன்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கிறேன். என்னிடம் 40 வாட் இன்டகிரேட்டட் ஆம்ப் ஒன்று இருந்தது. ஆறு மாதச் சேமிப்பைக் கொட்டி 200 வாட் பவர் ஆம்ப் ஒன்று வாங்கினேன். பழைய ஆம்பின் ப்ரீ-அவுட்டிலிருந்து வயர் இழுத்து அதோடு சேர்த்தேன். இரண்டு கையாலும் தூக்க முடியாத கனம். பக்கவாட்டில் கத்தி கத்தியாக ஹீட்சிங்க். முதல் ராத்திரி இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' போட்டேன். புல்லாங்குழலில் மூச்சு இறங்குவது புதிதாகக் கேட்டது. திரை விலகியதுபோல் இருந்தது. அந்த ராத்திரி நான் உணர்ந்தது உண்மையான சந்தோஷம். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். பையில் ஒரு மல்டிமீட்டரும் அவரே செய்த ஒரு சுவிட்ச் பெட்டியும் இருந்தன. 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, வால்யூம் குமிழைத் தொடாமல், ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜ் பார்த்தார். பழைய ஆம்பில் 2 வோல்ட். புது ஆம்பில் 2.6 வோல்ட். கணக்குப் போட்டால் 2.3 டெசிபல் கூடுதல். புது ஆம்பின் கெயின் அதிகம், அவ்வளவுதான். அதே குமிழ் நிலையில் அது கொஞ்சம் சத்தமாகப் பாடும். நான் திரை விலகியதாக நினைத்தது இந்த 2.3 டெசிபலைத்தான்.

அளவைச் சமமாக்கினார். ஆம்ப்களின் மேல் போர்வை போட்டு மூடினோம். என் மகன் அடுத்த அறையில் உட்கார்ந்து, காசைச் சுண்டிப் பார்த்து சுவிட்சை மாற்றினான். பதினாறு முறை சொன்னேன். ஒன்பது சரி, ஏழு தப்பு. "கண்ணை மூடிக்கிட்டு பூவா தலையா சொன்னாலும் எட்டு வரும் சார்" என்றார் பெரியவர். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆம்ப் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்தேன்.

காதின் இந்தப் பழக்கம் ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதோ தெரியும். 1933-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனிகளை மிகவும் மங்கலாகத்தான் கேட்கும். சத்தம் கொஞ்சம் ஏறினால் அடித்தொனி அதைவிட வேகமாக மேலே வரும். ஒரு டெசிபல், அரை டெசிபல் ஏற்றம் 'சத்தம் கூடிவிட்டது' என்று நமக்குப் படாது. 'நிறைவாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது' என்றுதான் படும். கடையில் இரண்டு ஆம்ப்களை மாற்றிமாற்றிப் போட்டுக் காட்டும்போது மல்டிமீட்டர் வைத்துச் சமப்படுத்துகிறவர் யாராவது உண்டா? ஒரு ஆம்ப் கால் வோல்ட் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் போதும், விற்பனை முடிந்தது.

நான் ஒருவன் தோற்றதை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தை நடத்திய பீட்டர் வாக்கர் ஆம்ப் வடிவமைப்பில் மேதை. அவருடைய நிறுவனத்தின் மூன்று தலைமுறை ஆம்ப்களை 1978-ல் அந்த நிறுவனத்துக்காகவே ஜேம்ஸ் மோயர் என்ற பொறியாளர் மறைத்துவைத்துச் சோதித்தார். 1953-ல் வந்த குவாட் 2, வால்வ், 15 வாட். 1967-ல் வந்த 303, டிரான்சிஸ்டர், 45 வாட். 1975-ல் வந்த 405, முற்றிலும் வேறு மாதிரியான சர்க்யூட், 100 வாட். காது பழகியவர்களை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். முடிவு 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வந்தது. மூன்றில் எதையும் எதிலிருந்தும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இருபத்திரண்டு வருஷத்து முன்னேற்றத்தை விற்கவேண்டிய நிறுவனமே, இவை காதுக்கு ஒன்றுதான் என்று ஊரறியச் சொன்னது. அந்த நேர்மையை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தது. ஆறு ஆம்ப்கள். மலிவானது சுமார் 220 டாலருக்கு விற்ற சாதாரண ரிசீவர்; விலை கூடியது 12,000 டாலர் வால்வ் ஜோடி. கேட்டவர்கள் 25 பேர். வித்தியாசம் உண்டு என்று நம்பியவர்களும் இருந்தார்கள், இல்லை என்றவர்களும் இருந்தார்கள். இரு தரப்பின் விடைகளும் பூவா தலையா கணக்கில்தான் வந்து நின்றன.

இவற்றுக்கு நடுவே நடந்த ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1985-ல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், நீங்கள் மிக உயர்வாக மதிக்கும் ஆம்ப் எதுவானாலும் கொடுங்கள், என் விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்பை அதேபோல் பாடவைக்கிறேன் என்று 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்குச் சவால் விட்டார். அது அளவுக்கருவிகளைவிடக் காதையே நம்பும் பத்திரிகை. அவர்கள் விலையுயர்ந்த வால்வ் ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்வர் சான்டா ஃபே ஊரில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம் ஆகும்வரை தன் சர்க்யூட்டைத் திருத்தினார். கேட்டுப் பார்த்த பத்திரிகைக்காரர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதை அவர்களே அச்சில் ஒப்புக்கொண்டார்கள். பின்னால் கடைக்கு வந்த பிரதிகள் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று அதே பத்திரிகை எழுதியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஹோட்டல் அறையில் நடந்தது காட்டிய பாடம் அப்படியே நிற்கிறது. ஆம்பின் 'குணம்' என்று சொல்லப்படுவது அளக்கக்கூடிய, திருத்தக்கூடிய சில எண்கள்.

"அளவுக்கருவிக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. போர்வை போட்டு மூடிக் கேட்கும் சோதனையில் தீர்ப்புச் சொல்வது காதுதான். மல்டிமீட்டர் சத்தத்தைச் சமமாக்கியதோடு ஒதுங்கிக்கொள்கிறது. விலக்கி வைக்கப்படுவது கண்ணும் விலைச்சீட்டும் மட்டுமே. காதை நம்புகிறவர்கள் இந்தச் சோதனையை முதல் ஆளாக வரவேற்க வேண்டும். அவசரத்தில் தெரியாது, மாதக்கணக்கில் கேட்டால் தெரியும் என்று இன்னொரு வாதமும் உண்டு. ஒலியின் நுணுக்கங்களை நினைவு சில நொடிகளுக்கு மேல் பிடித்துவைப்பதில்லை. அதனால்தான் உடனுக்குடன் மாற்றிக் கேட்கும் சோதனை கூர்மையானது. இதை ஏற்காதவர்கள் இரண்டு ஆம்ப்களையும் மூடிய பெட்டியில் வைத்து வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டுப் பார்க்கலாம். யாரும் தடுக்கவில்லை.

அடுத்தது வாட். இந்த ஒரு சொல்லால் நம் ஊரில் எத்தனை வீட்டுப் பணம் வீணாகியிருக்கிறது! தொண்ணூறுகளில் கைக்குள் அடங்கும் பெட்டியில் 'ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அந்த ஸ்டிக்கர் போய்விட்டாலும், வாட் கூடினால் சவுண்ட் கூடும் என்ற எண்ணம் போகவில்லை. கணக்கு எளிது. சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போகிறவருக்குக் கிடைப்பது, குமிழைச் சற்றுத் திருகினால் வரும் மாற்றம். சத்தம் இரண்டு மடங்கானதாக மனதுக்குப் படவேண்டுமென்றால் பத்து மடங்கு சக்தி வேண்டும், 50-க்கு 500.

வீட்டுக்கு நிஜத்தில் எவ்வளவு தேவை? நடுத்தரமான ஒரு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கொடுக்கும். சின்ன அறையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஜோடியாகக் கேட்டால் ஏறத்தாழ 85. நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்கும்போதும் சராசரி 75 டெசிபல் அளவில்தான் இருக்கும். அதற்கு வேண்டியது பத்தில் ஒரு பங்கு வாட். தவிலில் விழும் அடியோ, பின்னணி இசையில் எழும் பித்தளை வாத்தியங்களோ சராசரிக்கு 20 டெசிபல் மேலே போனாலும் 10 வாட். தம்பியிடம் இருப்பது 50 வாட். அவர் வாங்க நினைத்தது 300.

டேம்பிங் ஃபேக்டர் என்று இன்னொரு எண்ணைக் காட்டுவார்கள். 50-க்குப் பதில் 500 என்றால் வூஃபரை அந்த ஆம்ப் கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்கும், பேஸ் இறுகும் என்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு டேம்பிங் ஃபேக்டர் 50 என்றால் ஆம்பின் உள்தடை 0.16 ஓம், 500 என்றால் 0.016. ஆனால் அதே மின்பாதையில் வூஃபரின் கம்பிச்சுருளே (காயில்) சுமார் 6 ஓம் தடையோடு உட்கார்ந்திருக்கிறது. 6.16 எங்கே, 6.016 எங்கே? நூற்றுக்கு இரண்டு பங்கு வித்தியாசம். கடிவாளத்தின் நீளத்தைக் காயில் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

ஆம்ப் நிஜமாகவே குற்றவாளியாகும் இடங்களும் உண்டு. சில ஸ்பீக்கர்களின் தடை சில அலைவரிசைகளில் 2 ஓமுக்கும் கீழே விழும். அதற்கு ஈடு கொடுக்க முடியாத ஆம்ப் திணறும். பெரிய ஹாலில் தூரத்தில் உட்கார்ந்து, மந்தமான ஸ்பீக்கரை அலறவிடுகிறவருக்கு 50 வாட் போதாது. ஆம்ப் எல்லை மீறி அலையின் தலையை வெட்டும், காதில் கரகரப்பு கேட்கும். ஒற்றை ட்ரையோட் வால்வ் ஆம்ப்களின் உள்தடை இரண்டு மூன்று ஓம் வரை இருக்கும். ஸ்பீக்கரின் தடை ஏறி இறங்குவதற்கேற்ப ஒலியின் நிறம் மாறும், அது காதுக்குத் தெரியும். அந்த நிறம் பிடித்து வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது துல்லியம் கூடியதால் வந்தது அல்ல. ஹம் அடிக்கும் ஆம்ப், ஒரு பக்கம் மங்கிய ஆம்ப் இவையெல்லாம் பழுது. பழுதைச் சரிசெய்ய வேண்டும். பத்துப் பதினைந்து வருஷம் ஆன நல்ல ஆம்பைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, சப்ளை கெப்பாசிட்டர்களை மாற்றி, ரிலே முனைகளைத் துடைத்து, வால்யூம் குமிழைச் சுத்தம் செய்தால் சில ஆயிரத்தில் முடியும். சென்னை ரிச்சி தெருவில் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய கைகள் உண்டு. அவர்களிடம் போகாமல் ஷோரூமுக்குப் போகிறோம்.

அப்படியானால் சவுண்டை எது கெடுக்கிறது? முதலில் ஸ்பீக்கர். நல்ல ஆம்பின் ஒலிக்குலைவு நூற்றில் ஒரு பங்கு சதவீதம் இருக்கும். அடித்தொனியில் ஸ்பீக்கரின் குலைவு பல சதவீதம் வரை போகும், நூறு மடங்குக்கும் மேல். இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றிக் கேட்டால் போர்வை போட்டாலும் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். அங்கேயும் கண் விளையாடும் என்பது வேறு விஷயம். ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல், ஒரே ஆட்களை ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் கண்ணெதிரேயும் வைத்துக் கேட்கச் செய்தபோது மதிப்பெண்கள் மாறிப்போயின.

அதன்பின் அறை. இதைப் பற்றித்தான் நம் ஊரில் யாருமே பேசுவதில்லை. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் அலைவரிசையில் அறையே சேர்ந்து முழங்கும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு 56. நம் கட்டடங்களில் தளத்தின் உயரமும் பத்தடி என்றால் அதுவும் 56. இரண்டு முழக்கங்கள் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர்கள் அடித்தொனியில் கொஞ்சத்தைக் குடித்துவிடும். நம்முடையது செங்கல், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், தரையில் வழவழ டைல். எதுவும் எதையும் குடிக்காது. இப்படிப்பட்ட அறையில் சில அலைவரிசைகள் 10 டெசிபலுக்கு மேல் தூக்கலாகவும் சில அதே அளவு பள்ளமாகவும் இருப்பது சாதாரணம். 10 டெசிபல் மேட்டைச் சும்மா விட்டுவிட்டு, ஆம்பில் 0.01 டெசிபல் தேடுகிறோம்.

சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தத் திசையின் முழக்கங்கள் அனைத்தும் உச்சத்தில் கேட்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் முதல் முழக்கம் காணாமலே போகும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் ஓரளவு சமநிலை கிடைக்கும். மூலையில் வைத்த ஸ்பீக்கர் எல்லா முழக்கங்களையும் தட்டி எழுப்பும். வெளியே இழுத்தால் அடங்கும். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று நடுங்கினால் எதிரெதிர்ச் சுவர்கள் பந்தாடுகின்றன. கனத்த திரைச்சீலையும் புத்தக அலமாரியும் சாய்த்து வைத்த இலவம்பஞ்சு மெத்தையும் அதை நிறுத்தும். மெல்லிய ஜமுக்காளம் போதாது.

எனக்கு உண்மையில் வலிப்பது பணம் அல்ல. ஆம்ப் நம்பிக்கையில் விழுந்தவர் பாட்டைக் கேட்பதை விட்டுவிடுகிறார். எந்தப் பாட்டைப் போட்டாலும் பெட்டியைத்தான் கேட்கிறார். ஒரு ராகம் விரிந்து வரும்போது, இன்னும் விலை கூடிய பெட்டியில் இது எப்படி இருக்குமோ என்ற நினைப்பு குறுக்கே வருகிறது. இருபது வருஷம் பாட்டுக் கேட்டு அழுதவர்கள், இப்போது அதே பாட்டில் குறை தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து பறிபோனது எந்த ஷோரூமிலும் திரும்பக் கிடைக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருங்குடிக்குப் போனேன். பீரோவை இருவருமாகப் படுக்கையறைக்கு நகர்த்தினோம். ஸ்பீக்கர்களை முன்சுவரிலிருந்து இரண்டடி வெளியே இழுத்து, பக்கச் சுவர்களிலிருந்து விலக்கி வைத்தோம். சோபாவை நான்கடி முன்னால் கொண்டுவந்தோம். சோபா நடு அறைக்கு வந்தது அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் இருக்கட்டும், பார்க்கலாம் என்றார். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டோம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கை அழுந்தி வழுக்கும்போது எழும் அந்தக் கும்கி, வலந்தலையின் சொற்களிலிருந்து பிரிந்து, தனக்கென்று ஓர் இடத்தில் நின்று கேட்டது. தம்பி எழுந்துபோய் ஆம்பின் முன்பலகையைப் பார்த்தார், ஏதோ மாறிவிட்டதா என்பதுபோல.

56 ஹெர்ட்ஸ் முழக்கம் முழுக்கப் போகவில்லை. அதை ஈக்வலைசரில் இறக்க, அளக்கும் மைக் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஆம்ப் அதே 50 வாட்தான்.